பெர்மனெண்ட் அட்ரஸ்

எங்க வீட்டு டைனிங் டேபிள் ஓரத்துல நாலு வருஷமா ஒரு நீலக் கலர் ஃபைல் கெடந்துச்சு. உள்ள என்னன்னா, வீட்டு சொத்து வரி ரசீது, எங்க டாக்ஸ் ரிட்டர்ன் காப்பி, பொண்ணோட டிரைவிங் லைசென்ஸ் ஜெராக்ஸ், வோட்டர் கார்டு, கார் ரெஜிஸ்ட்ரேஷன், ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மார்க் லிஸ்ட். என் வீட்டுக்காரி அதுக்கு வெச்ச பேரு 'ஜாதகம்'. யாராச்சும் சாப்பிட வந்தா, "அந்த ஜாதகத்த கொஞ்சம் தள்ளி வைங்க, சாம்பார் கொட்டிடப் போவுது"ம்பா.

விஷயம் இதுதான். பொண்ணு வெளி மாநிலத்துல படிச்சாலும் அவ டெக்ஸாஸ்காரிதான்னு நிரூபிக்கத்தான் அந்த ஃபைல். நாங்க இருக்கறது டல்லாஸுக்கு வடக்க, காலின் கவுண்டில, கவுண்டின்னா நம்ம ஊரு மாவட்டம் மாதிரி. பொண்ணு 2021ல ஹைஸ்கூல் முடிச்சா. டெக்ஸாஸ்ல 1997லயே ஒரு சட்டம் வந்துச்சு, ஸ்கூல்ல மேல இருக்கற பத்து பர்சென்ட்ல வந்தா ஸ்டேட் யூனிவர்சிட்டில நேரா சீட்டுன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா டெக்ஸாஸ் யூனிவர்சிட்டியோட ஆஸ்டின் கேம்பஸுக்கு மட்டும் அது சுருங்கிச் சுருங்கி எங்க பொண்ணு காலத்துல ஆறு பர்சென்ட் ஆயிருச்சு, இப்ப 2026ல சேர்ற பசங்களுக்கு அஞ்சு. எங்க ஏரியா ஸ்கூல்ல பாதி கிளாஸ் நம்ம ஊரு பசங்க, மீதி சீனா, கொரியா. எல்லாரும் கணக்குல நூறு வாங்குறான். அங்க இவ ஒம்போதாவது பர்சென்ட். ஒம்போது பர்சென்ட்னா வேற ஊர்ல ஹீரோயின், எங்க ஊர்ல சும்மா கூட்டத்துல ஒருத்தி.

அலபாமா யூனிவர்சிட்டி வெளி மாநிலப் பசங்களுக்கு மார்க்கப் பாத்து ஸ்காலர்ஷிப்ப அள்ளிக் குடுக்கும், இது இங்க இருக்கற தேசி அப்பா அம்மா எல்லாருக்கும் மனப்பாடம். கணக்குப் போட்டுப் பாத்தா, வெளி மாநில ஃபீஸுல ஸ்காலர்ஷிப்பக் கழிச்சா டெக்ஸாஸ்ல உள்ளூர் ஃபீஸ் கட்டுறதவிடக் கம்மி. போயிட்டா. அந்த யூனிவர்சிட்டி இருக்கற ஊரு டஸ்கலூசா, எங்க வீட்லேருந்து ஏறக்குறைய 600 மைல், ஐ-20 ஹைவே புடிச்சா ஷ்ரீவ்போர்ட், மன்ரோ, விக்ஸ்பர்க்ல மிசிசிப்பி ஆத்துப் பாலம், ஜாக்சன், மெரிடியன், அப்புறம் காலேஜ். அந்தப் பாலத்த நான் எத்தன தடவ தாண்டியிருப்பேன்னு கணக்கே இல்ல.

சரி, போயிட்டா, அப்புறம் எதுக்கு டெக்ஸாஸ் ரெசிடென்சிய, அதாவது டெக்ஸாஸ்தான் சொந்த மாநிலம்ங்கற கணக்க, கட்டி அழுவறேன்னு நீங்க கேக்கலாம். அவளுக்கு டாக்டர் ஆவணும். டெக்ஸாஸ் கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ்ல வெளி மாநிலத்துக்காரங்கள பத்து பர்சென்ட்டுக்கு மேல சேக்கக்கூடாதுன்னு சட்டசபையே சொல்லி வெச்சிருக்கு. மீதி தொண்ணூறும் உள்ளூருக்குத்தான். ஃபீஸும் அப்படியே, சட்டத்துல போட்டிருக்கற அடிப்படை டியூஷன் உள்ளூர்க்காரங்களுக்கு வருஷம் 6,550 டாலர், வெளியாளுக்கு அதுக்கு மூணு மடங்கு, 19,650. இதுக்கு மேல காலேஜ் போடுற மத்த ஃபீஸ் தனி, இருந்தாலும் அமெரிக்காவுல மெடிக்கல் படிப்பு விக்கிற விலைக்கு இது தர்மம். ஆக அலபாமாவுல நாலு வருஷம் இருந்தாலும் பேப்பர்ல அவ டெக்ஸாஸ்காரியாவே இருக்கணும். காசு ஒரு பக்கம், சீட்டே அதுலதான் இருக்கு.

இந்த உள்ளூர் வெளியூர் வித்தியாசம் எவ்ளோ பெருசுன்னு ஒரே ஒரு உதாரணம் சொல்றேன். யூசின்னு சொல்ற யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா காலேஜ்கள்ல 2025-26ல புதுசா சேர்ந்த வெளி மாநிலப் பசங்க, எல்லாரும் கட்டுற ஃபீஸுக்கு மேல 37,602 டாலர் தனியா கட்டணும். வருஷா வருஷம். அந்தப் பணத்துல திருநெல்வேலில ஒரு மனையே வாங்கலாம்னு எங்க அண்ணன் சொன்னான். அவன் எல்லாத்தையும் மனைக் கணக்குலதான் பாப்பான்.

ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேரு கேட்டது: "ஏன்யா, ஒரு வருஷம் அங்க இருந்தாச்சுன்னா அலபாமா ரெசிடெண்டா மாறிட வேண்டியதுதான?" இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. படிக்கறதுக்குன்னு ஒரு ஊருக்குப் போயி அங்க இருக்கற காலத்த பெரும்பாலான மாநிலங்கள் குடியிருந்த கணக்குல சேக்கறதே இல்ல. அதுவும் அப்பா அம்மா டாக்ஸ்ல டிபெண்டண்டா, அதாவது அவங்கள நம்பி இருக்கறதா, காட்டுற புள்ளைக்கு, அப்பா அம்மா எந்த ஊரோ அதுதான் ஊரு. அப்ப என்ன ஆவும்னா, புள்ள ஆர்வத்துல அந்த ஊர் லைசென்ஸ் எடுத்துரும், அந்த ஊர்ல வோட்டுக்குப் பேரு குடுத்துரும், காரயும் அங்க மாத்திரும். அந்த ஊரு 'நீ படிக்க வந்தவ, எங்காளு இல்ல'ன்னு சொல்லும், சொந்த ஊரு 'நீதான் எல்லாத்தையும் அங்க மாத்திட்டியே'ன்னு கேக்கும். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்.

நான் இதயெல்லாம் எங்க கத்துக்கிட்டேன்னா, பொண்ண ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்த வாரம் தூக்கம் வரல, ராத்திரி ரெண்டு மணிக்கு டெக்ஸாஸ் உயர்கல்வி போர்டு விதியெல்லாம் படிச்சேன். அதுல 'தற்காலிகமா வெளிய இருக்கறது'ன்னு ஒரு விளக்கம் இருக்கு. திரும்பி வர்ற எண்ணத்தோட மாநிலத்த விட்டு வெளிய இருக்கறது, பொதுவா அஞ்சு வருஷத்துக்குள்ள, படிப்புக்காகப் போனாலும் இதுல அடக்கம், அதனால உன் டெக்ஸாஸ் குடியிருப்பு போயிடாது, ஆனா எதுக்குப் போனேன்னு பேப்பர் காட்டணும். நாலே வரிதான். அந்த 'திரும்பி வர்ற எண்ணம்'ங்கற இடத்துல நான் நின்னுட்டேன்.

ஏன்னா அந்த வார்த்தை எனக்குப் பழக்கம். 2000ல சென்னைல ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்துல இருக்கற அமெரிக்கன் கான்சுலேட் வாசல்ல விடியக்காலைல வரிசைல நின்னப்ப, என் கையிலயும் இதே மாதிரி ஒரு ஃபைல். அப்பா பேர்ல இருக்கற பாளையங்கோட்டை வீட்டுப் பத்திரம், பேங்க் டெபாசிட், ஆடிட்டர் குடுத்த சொத்து மதிப்பு சர்டிபிகேட். எஃப்-1ங்கற படிப்பு விசாவுக்கு நீ படிச்சு முடிச்சிட்டு ஊருக்குத் திரும்பிருவேன்னு அவங்க நம்பணும். நம்பலன்னா 214(பி)ன்னு ஒரு செக்‌ஷன், ஒரு துண்டுச் சீட்டு, கிளம்பு. அந்த வெள்ளைக்கார அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து கேட்டாங்க, படிச்சு முடிச்சதும் என்ன பண்ணுவன்னு. "ஊருக்கு வந்து அப்பாவ பாத்துக்கணும்"னேன். அன்னிக்கு அது பொய் இல்ல. சத்தியமா இல்ல. அப்புறம் எச்-1பி வேலை விசா, கல்யாணம், நியூஜெர்சி, 2003ல பொண்ணு, க்ரீன் கார்டு, 2012ல டெக்ஸாஸ், சிட்டிசன்ஷிப். ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பாத்தா சின்ன முடிவுதான்.

அப்ப நான் திரும்பி வருவேன்னு நிரூபிக்க ஒரு ஃபைல், இப்ப என் பொண்ணு திரும்பி வருவான்னு நிரூபிக்க ஒரு ஃபைல்.

சரி அந்த ஃபைலுக்கு வருவோம். முதல் சோதனை 2022 செப்டம்பர்ல. இங்க பிரசிடெண்ட் பதவிக் காலத்துக்கு நடுவுல வர்ற மிட்டெர்ம் எலெக்‌ஷன் நேரம். காலேஜ் லைப்ரரி வாசல்ல ரெண்டு பசங்க அட்டைல பேப்பர் கிளிப் போட்டுக்கிட்டு நிக்கறாங்க, "வோட்டுக்குப் பேரு குடுத்திட்டியா?"ன்னு. நம்மாளு பேனாவ வாங்கி அட்ரஸ் வரைக்கும் எழுதிட்டா. அப்ப அவளுக்கு என்ன தோணுச்சோ, எனக்கு போன். நான் மீட்டிங்ல இருந்தேன், மைக்க ஆஃப் பண்ணிட்டு எடுத்தேன். "அப்பா, இதுல 'நான் அலபாமாவுல குடியிருக்கேன்'ன்னு கையெழுத்துப் போடச் சொல்லுது, போடலாமா?" "வேணாம், பேப்பர குடுத்துட்டு வா." "அந்தப் பையன் ரொம்ப நல்லா பேசினான்ப்பா, பாவமா இருக்கு." "அவன்கிட்ட சாரி சொல்லு, ஆனா கையெழுத்து மட்டும் வேணாம்."

இதுல ஒண்ணு நேர்மையா சொல்லணும். காலேஜ் ஊர்ல வோட்டுப் போட ஸ்டூடண்ட்டுக்கு முழு உரிமை இருக்கு. அந்த உரிமைய வாங்கிக் குடுத்ததே டெக்ஸாஸ்ல நடந்த கேஸ்தான், வாலர் கவுண்டில ப்ரெய்ரி வியூ காலேஜ்ல படிச்ச கறுப்பினப் பசங்கள வோட்டர் லிஸ்ட்ல சேக்காம, உனக்கு இங்க சொத்து இருக்கா, படிச்சு முடிச்சு இங்கயே இருப்பியான்னு கேள்வித்தாள் குடுத்தாரு அங்க இருந்த அதிகாரி. 1979ல சுப்ரீம் கோர்ட்டு பசங்க பக்கம் நின்னுச்சு. உரிமை அவளோடது, நான் தடுக்கல. ஆனா அந்தக் கையெழுத்து 'இதுதான் என் ஊரு'ங்கற வாக்குமூலம், அத ரெண்டு ஊருக்கும் குடுக்க முடியாது. அவளே யோசிச்சு டெக்ஸாஸ்லயே வெச்சுக்கிட்டா. கவுண்டிக்கு வெளிய இருக்கறவங்களுக்கு டெக்ஸாஸ்ல தபால் வோட்டு உண்டு, ஆனா அப்ளிகேஷன ப்ரிண்ட் எடுத்து, பேனாவால கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பணும். ஸ்டாம்ப் எங்க கிடைக்கும்னு கேட்டா பாருங்க. பத்தொம்போது வயசு, உயிரியல் மேஜர், ஸ்டாம்ப் பாத்ததில்ல.

ரெண்டாவது விஷயம் வேலை. ஒரு லேப்ல வாரம் பத்து மணி நேரம், டெஸ்ட் ட்யூப் கழுவற மாதிரி ஆரம்பிச்சு அப்புறம் உண்மையான ஆராய்ச்சி. சேர்றப்ப ஒரு ஃபார்ம் குடுத்திருக்காங்க, அதுல 'பெர்மனெண்ட் அட்ரஸ்'ங்கற கட்டத்துல ஹாஸ்டல் ரூம் நம்பர எழுதி வெச்சிருக்கா. ஜனவரில டபிள்யூ-2ங்கற வருஷ சம்பளச் சீட்டு வந்தப்பதான் எனக்குத் தெரியும். டெக்ஸாஸ்ல மாநில வருமான வரியே கிடையாது, அலபாமாவுல உண்டு, அங்க சம்பாதிச்ச காசுக்கு அங்க வரி கட்டித்தான் ஆவணும், அது பிரச்சனை இல்ல. பிரச்சனை எந்த ஃபார்ம்ல கட்டுறோம்ங்கறது. நான் வழக்கமா போற டாக்ஸ்காரரு, பேரு வேணாம், நல்ல மனுஷன், "சார் உள்ளூர் ஃபார்ம்லயே போட்டுடலாம், சின்ன அமௌண்ட்டுதான, எவன் பாக்கப் போறான்"னாரு. எனக்கு வேர்த்துருச்சு. வெளி மாநிலத்தவங்களுக்குன்னே 40என்ஆர்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அதுலதான் போடணும்னு சண்ட போட்டேன். அவரு என்ன ஒரு மாதிரிப் பாத்தாரு. அந்த ஃபார்மும் ஜாதகத்துக்குள்ள போச்சு.

ஃபெடரல் டாக்ஸ்ல அவ எங்க டிபெண்டண்ட்தான், ஃபுல்டைமா படிக்கற புள்ளைக்கு 24 வயசு ஆவற வரைக்கும் கூட்டிக்கலாம், ஹாஸ்டல்ல இருந்தாலும் நம்ம வீட்ல இருந்த மாதிரிதான் கணக்கு. லைசென்ஸ் விஷயம் சிம்பிள், இங்க 21 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு கார்டு செங்குத்தா இருக்கும், அது 21வது பொறந்தநாளோட காலாவதி, அவளுக்கு ஜனவரில பொறந்தநாள், கிறிஸ்மஸ் லீவுல வந்தப்பவே ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயி மாத்தியாச்சு. கார் புகை டெஸ்ட்டும் அதே லீவுல. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மட்டும் கார் அலபாமாவுல நிக்குதுன்னு உண்மையச் சொல்லிட்டோம், அதுல மறைக்கறது வேலைக்காவாது, நாளைக்கு எங்கயாச்சும் இடிச்சா க்ளெய்ம் போயிரும். டாக்டர், பல் டாக்டர் எல்லாம் லீவுல இங்கதான்.

மூணாவதுதான் வலிச்சது. 2023ல கம்பெனில என்ன சார்லட்டுக்கு வரச் சொன்னாங்க, ப்ரொமோஷனோட. நார்த் கரோலினா, நல்ல ஊரு, கோயில்கூட இருக்கு. ஆனா டிபெண்டண்ட் புள்ளைக்கு அப்பா அம்மா வழியா ரெசிடென்சி கேட்டா, அப்பா அம்மா அதுக்கு முந்தின 12 மாசம் டெக்ஸாஸ்ல குடியிருந்திருக்கணும், அதுக்கு இங்க வீடோ வேலையோ சாட்சி. ஹைஸ்கூல் வழின்னு இன்னொண்ணும் இருக்கு, ஹைஸ்கூல் முடிக்கறதுக்கு முன்னாடி 36 மாசம் தொடர்ச்சியா டெக்ஸாஸ்ல இருந்து இங்கயே முடிச்சிருந்தா தனியா க்ளெய்ம் பண்ணலாம், அதுலயும் கடைசி 12 மாச கணக்கு ஒண்ணு வரும். புள்ளையும் அலபாமாவுல, நாங்களும் கரோலினாவுல, வீட்டையும் வித்துட்டோம்னா, 'திரும்பி வர்ற எண்ணம்'னு சொல்றியே, எங்கேம்மா திரும்பி வரப்போறன்னு கேட்டா அவ எந்தக் கதவக் காட்டுவா? நான் ப்ரொமோஷன வேணாம்னுட்டேன். மேனேஜர்கிட்ட காரணம் சொல்லல. என் வீட்டுக்காரிதான் ஒரு வாரம் பேசல, அவ அக்கா சார்லட்ல இருக்கா.

அந்த மாதிரி ராத்திரிகள்ல நான் படிச்ச ஒரு பழைய கேஸ் சொல்றேன். கனெக்டிகட்ல ஒரு சட்டம் இருந்துச்சு, அப்ளிகேஷன் போடுறப்ப கல்யாணமான ஸ்டூடண்ட்டுக்கு வெளி மாநில அட்ரஸ் இருந்துட்டா, படிப்பு முடியற வரைக்கும் நீ வெளியாள்தான், என்ன ஆதாரம் காட்டினாலும் மாத்த முடியாது. க்ளைன்னு ஒரு பொண்ணு கலிஃபோர்னியாவுல படிச்சிக்கிட்டு இருந்தா, கனெக்டிகட்காரர கட்டிக்கிட்டு அங்கயே வந்துட்டா, லைசென்ஸ் அங்க, கார் ரெஜிஸ்ட்ரேஷன் அங்க, வோட்டும் அங்க. ஆனாலும் யூனிவர்சிட்டி அவள வெளியாள்னு சொல்லி பில் போட்டுச்சு. 1973ல சுப்ரீம் கோர்ட்டு அது தப்புன்னுச்சு, ஒரு வாய்ப்புகூடக் குடுக்காம ஆயுசுக்கும் முத்திரை குத்தக்கூடாது, மத்தபடி மாநிலம் நியாயமான ஆதாரம் கேக்கலாம்னு. அம்பது வருஷம் ஆச்சு, ஆதாரம்னு கேக்கறது இன்னும் அதே லைசென்ஸ், அதே கார், அதே வோட்டுதான்.

எச்-4ல, அதாவது எச்-1பிகாரங்க குடும்பத்துக்குத் தர்ற விசாவுல, புள்ளைங்க இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. 1982ல மேரிலாண்ட் யூனிவர்சிட்டி மேல ஒரு கேஸ், சர்வதேச அமைப்புகள்ல வேலை பாக்கறவங்க குடும்பத்துக்குத் தர்ற ஜி-4 விசாவுல இருந்த பசங்களுக்கு உள்ளூர் ஃபீஸ் தரமாட்டோம்னு சொன்னது செல்லாதுன்னு தீர்ப்பு. டெக்ஸாஸ், கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்கள்ல எச்-1பி, எச்-4காரங்களும் குடியிருப்பு காட்டலாம். ஆனா 21 வயசுல எச்-4 முடிஞ்சிரும், நிறைய பேரு எஃப்-1க்கு மாறுவாங்க. எஃப்-1ங்கறதே திரும்பிப் போயிருவேன்னு சொல்லி வாங்குற விசா, அதக் கையில வெச்சுக்கிட்டு இதுதான் என் ஊருன்னு சொன்னா பெரும்பாலான இடத்துல எடுபடாது. பத்து வயசுலேருந்து இங்கயே வளந்த புள்ள, தமிழ் பேசத் தெரியாது, திருச்சில சொந்தக்காரங்க வீட்டுக்கு வழி தெரியாது, அதுகிட்ட போயி ஊருக்குத் திரும்பிருவேன்னு எழுதிக் குடுன்னு கேக்குது கவர்மெண்ட். எங்க தெருவுலயே ரெண்டு புள்ளைங்க அப்படி.

பக்கத்து மாநிலங்களுக்குள்ள ஒப்பந்தம் இருக்கேன்னு சில பேரு கேப்பீங்க. இருக்கு. மேற்கு மாநிலங்கள்ல உள்ளூர் ஃபீஸுல ஒன்றரை மடங்குன்னு ஒரு திட்டம், மின்னசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் நடுவுல ஒண்ணு, வாஷிங்டன் டிசிக்காரங்களுக்கு வருஷா வருஷம் மானியம். தெக்கத்தி மாநிலங்கள் திட்டத்துல டெக்ஸாஸ் மேல்படிப்புக்கு மட்டும்தான் இருக்கு, அதனால எங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல. இதுல எதுல போனாலும் முதல் கேள்வி நீ எந்த ஊரு ரெசிடெண்ட்டுங்கறதுதான்.

2024 மே மாசம் மெடிக்கல் அப்ளிகேஷன். டெக்ஸாஸ் காலேஜ்களுக்குன்னே டிஎம்டிஎஸ்ஏஎஸ்னு தனி அப்ளிகேஷன், அதுல ரெசிடென்சி கேள்வி வரிசையா வரும். எங்க ஹைஸ்கூல் முடிச்ச, யாரு உன்ன டாக்ஸ்ல காட்டுறா, அவங்களுக்கு எங்க வீடு, எப்ப வாங்கினாங்க. நாங்க மூணு பேரும் டேபிள்ல, அவ டைப் அடிக்கறா, நான் ஜாதகத்துலேருந்து ஒவ்வொரு பேப்பரா எடுத்துக் குடுக்கறேன், கல்யாண வீட்ல வெத்தலத் தட்டு நீட்டுற மாதிரி. அவ சிரிச்சிக்கிட்டே, "அப்பா, நான் நெஜமாவே திரும்பி வருவேனான்னு என்ன யாரும் கேக்கல பாத்தியா"ன்னா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "வருவதானே?"ன்னேன். "சீட்டு குடுத்தா வருவேன்"னா.

குடுத்தாங்க. 2025 ஆரம்பத்துல ஒரு காலேஜ்ல சீட்டு. குதிச்சோம். ரெண்டு மாசம் கழிச்சு அதே காலேஜ் ஆபீஸ்லேருந்து ஒரு ஈமெயில், உங்க பொண்ணு கடைசி பன்னெண்டு மாசமா அலபாமா அட்ரஸ்ல இருக்காங்க, அதனால சிஸ்டத்துல வெளி மாநிலம்னு விழுந்திருக்கு, விளக்கம் தேவை. எங்கேருந்து புடிச்சாங்கன்னா, மெயில் வர்றதுக்காக இவ தபால் அட்ரஸ்னு டஸ்கலூசா அபார்ட்மெண்ட்ட குடுத்திருக்கா. நாலு வருஷம் நான் காத்த ஃபைலுக்கு வந்த ஒரே ஓட்டை அதுதான். போன் பண்ணினா எடுக்க மாட்டாங்க, எடுத்தா வேற நம்பருக்கு மாத்துவாங்க. மூணு வாரம். சொத்து வரி ரசீது, டாக்ஸ் ரிட்டர்ன், வோட்டர் கார்டு, 40என்ஆர், அலபாமா காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எதுக்கு வெளிய போனாங்கறதுக்கு சாட்சி, எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா அனுப்பினேன், 61 பக்கம். பதில் ஒரு வரி. 'டெக்ஸாஸ் ரெசிடெண்ட் என மாற்றப்பட்டது.' அவ்ளோதான். நன்றி கூட இல்ல. வீட்டுக்காரி அன்னிக்கு ராத்திரி பாயசம் வெச்சா, சார்லட் அக்காவுக்கு போன் போட்டு அவளே சொன்னா.

ஆகஸ்ட்ல காலேஜ் ஆரம்பிச்சிருச்சு. டைனிங் டேபிள் காலி. எதையோ தொலைச்ச மாதிரி இருக்கு.

2025 நவம்பர்ல அண்ணன் போன் பண்ணினான். அப்ப தமிழ்நாட்டுல வோட்டர் லிஸ்ட் தீவிரத் திருத்தம் நடந்துச்சுல்ல, வீடு வீடா ஃபார்ம் குடுத்துக்கிட்டு வந்தாங்க. பாளையங்கோட்டை வீட்டுக்கும் ஒரு அம்மா வந்திருக்காங்க. லிஸ்ட்டப் பாத்தா என் பேரு இன்னும் அதுல இருக்கு, இருபத்தஞ்சு வருஷமா யாரும் எடுக்கல, நான் சிட்டிசன்ஷிப் வாங்கினப்பவே எழுதிக் குடுத்து எடுத்திருக்கணும், அந்த நெனப்பே வரல. அண்ணன் விஷயத்த சொல்லியிருக்கான், அவன் அமெரிக்கா சிட்டிசன், எடுத்துருங்கன்னு. அந்தம்மா 'நிரந்தரமா இடம் மாறினவர்'னு எழுதப் போயிருக்காங்க. எங்கம்மாவுக்கு எம்பத்தி ரெண்டு வயசு, காது சரியா கேக்காது, ஆனா அது மட்டும் கேட்டுருச்சு போல. திண்ணைலேருந்து எந்திரிச்சு வந்து அந்தம்மா கையப் புடிச்சுக்கிட்டாங்களாம்.

"எம்மா, அப்படி எழுதாத தாயி. அவன் படிக்கத்தான போயிருக்கான்."